குழி பறித்தது குதிரை அல்ல

என் வண்டி பதினான்கு மாதம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. மேலே ஒரு பழைய போர்வை. முதலில் கண்ணாடியில் தூசி படிந்தது. பிறகு டயரில் காற்று இறங்கியது. பிறகு பேட்டரி செத்தது. கடைசியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கோழி முட்டையிட ஆரம்பித்தது. அத்தை காலையில் முட்டையை எடுத்து வந்து, "இப்பத்தான் இந்த வண்டியால வூட்டுக்கு ஒரு லாபம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நெமிலியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் எங்களுடையது. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஏரித் தண்ணீர், நெல், வேர்க்கடலை. ஆண்கள் வயலுக்குப் போவார்கள், அல்லது அரக்கோணம் பக்கம் போவார்கள். என் வயதுப் பெண்களில் பலர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். தோல் பதனிடும் வேலையில் ஆண்கள் அதிகம். அந்தத் தோல் ஷூவாக மாறும் இடத்தில், தையல் மிஷினுக்குப் பின்னால், வரிசை வரிசையாக நாங்கள்தான் உட்கார்ந்திருப்போம். நான் பத்து வருஷம் ஸ்டிச்சிங் லைனில் இருந்தேன்.

கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு மெயின் ரோட்டுக்கு வரும். எங்கள் ஊரிலிருந்து அந்த இடம் நாலு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. ஆரம்பத்தில் என் கணவர்தான் கொண்டுபோய் விடுவார். அவர் குட்டியானை ஓட்டுகிறார். லோடு எப்போது கிடைக்கிறதோ அப்போது போக வேண்டும். விடியற்காலை மூணு மணிக்கு லோடு வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு நடைதான். பஸ்ஸை விட்டுவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பத்து வருஷத்தில் முதல் ஆறு வருஷம் நான் வேலைக்குப் போனது என் கையில் இருக்கவில்லை. ஒரு லோடு ஆட்டோவின் கையில் இருந்தது.

2018 பிப்ரவரியில் அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியம் தரத் தொடங்கியது. பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய். லைசென்ஸோ எல்.எல்.ஆரோ இருக்க வேண்டும். எனக்கு அப்போது 31 வயது. ஸ்டிச்சிங் லைனில் பக்கத்து மிஷினில் இருந்த அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய டி.வி.எஸ். வண்டியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டச் சொன்னபோது முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். இரண்டாவது தடவை ஊன்றவில்லை. மீதிப் பணத்துக்குத் தவணை கட்டினேன். ஆர்.சி. புக்கில் என் பெயர் இருந்தது. வீடு மாமனார் பெயரில், நிலம் மாமனார் பெயரில், குட்டியானை கணவர் பெயரில், கேஸ் சிலிண்டர் அத்தை பெயரில். என் பெயரில் இந்த வண்டி மட்டும்தான்.

அதற்குப் பிறகு வந்த நாலு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் அழகு. காலையில் எழுந்தேன், வண்டியை எடுத்தேன், டீக்கடை ஓரம் நிறுத்தினேன், பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பி வரும்போது காய் வாங்கினேன். அம்மாவைப் பார்க்க நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரிடமும் "நேரம் இருக்குதா" என்று கேட்கவில்லை.

விழுந்தது 2023 ஜனவரியில். பொங்கல் முடிந்து அறுவடை நேரம். எங்கள் பக்கம் களம் போதாது, நெல்லை ரோட்டில்தான் காயவைப்பார்கள். பாதி ரோட்டில் நெல், அதைச் சுற்றிலும் வண்டி ஏறாமல் இருக்கக் கல்லும் கட்டையும். அன்று வேலை முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. எதிரே ஒரு டிராக்டர். நான் இடது பக்கம் ஒதுங்கினேன். சக்கரம் நெல்லில் ஏறியது. நெல் மணலைவிட மோசம், உருளும். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. காலை ஊன்றப் பார்த்தேன். காலும் நெல்லில்தான் ஊன்றியது. அப்புறம் வண்டி என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

கூட்டம் கூடியது. நெல்லுக்குச் சொந்தக்காரப் பாட்டி ஒருவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். யாரோ 108-க்கு போன் செய்தார்கள். அந்த வலியிலும் எனக்குக் காதில் விழுந்த இரண்டு பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்று, "யார் வூட்டுப் பொண்ணு?" இன்னொன்று, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டியெல்லாம்?" டிராக்டர் ஏன் நடு ரோட்டில் வந்தது, நெல் காயவைக்க ஊருக்கு ஏன் ஒரு களம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

கெண்டைக்கால் பெரிய எலும்பு இரண்டாகிப் போயிருந்தது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் புத்தூருக்குக் கூட்டிப் போய்க் கட்டு போடலாம் என்றார்கள். திருத்தணியைத் தாண்டினால் புத்தூர், எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வருவது அந்த ஊர்தான். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, இது கட்டில் சேராது, உள்ளே ராடு வைக்க வேண்டும் என்றார். வைத்தார்கள். இரண்டரை மாதம் கால் தரையில் படவில்லை. அப்புறம் வாக்கர், அப்புறம் கைத்தடி. ஆறாவது மாதம் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். "இனி எல்லா வேலையும் செய்யலாம்" என்றார். "வண்டி ஓட்டலாமா?" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் படிக்கிற தோழிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் விழுந்தேன். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும்போதும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் பொருந்தினால், வேலையில் ஏற்பட்ட காயமாகவே கணக்கு. சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். வேலைக் காயம் என்றால் 90 சதவீதம், வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுக்க. இது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டிலும் கம்பெனியிலும் என் விபத்துக்கு ஒரே பெயர்தான்: "வண்டி ஓட்டப் போய் விழுந்துட்டா." வேலைக்குப் போய் விழுந்தேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பெயர் மாறும்போது பணமும் மாறுகிறது, பழியும் மாறுகிறது.

எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். நான் படுத்திருந்த மாதங்களில் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். தள்ளுவது குதிரையின் வேலை. எந்தக் குதிரை குழி பறிக்கும்? குளம்பை வைத்துக்கொண்டு அது எப்படிப் பறிக்கும்? விழுந்த ஆளைச் சுற்றி நிற்கிற மனிதர்கள்தான் பறிக்க முடியும்.

என் குழியை யாரும் கெட்ட எண்ணத்தில் பறிக்கவில்லை. அதுதான் கஷ்டம். அத்தை எனக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்த அதே கையால் வண்டிமேல் போர்வை போட்டார். "உன் உசுருதான் முக்கியம், வண்டி எதுக்கு" என்று அம்மா அழுதார். கணவர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "எங்க போவணும்னு சொல்லு, நான் வுடறன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த அன்பு பொய் இல்லை. ஆனால் அந்த அன்புக்கு லோடு இல்லாத நேரம் மட்டும்தான் இருந்தது.

ஒன்பதாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். பழைய கதை மறுபடியும் ஆரம்பித்தது. லோடு வந்த நாட்களில் பஸ்ஸை விட்டேன். நாலு கிலோமீட்டர் நடந்தால் ராடு வைத்த கால் சாயங்காலம் வீங்கியது. இரண்டு மாதத்தில் எட்டு நாள் லீவு. பிறகு நானே நின்றுவிட்டேன். அம்மா வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போனவள் மாதம் ஒரு தடவை போனேன். நாப்கின் வாங்கக்கூட ஆளைச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

என் கொழுந்தனார் இதே வருஷம் தீபாவளிக்கு மறுநாள் குடித்துவிட்டு வண்டியோடு கால்வாயில் விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். தையல் பிரிப்பதற்கு முன்பே அவருடைய வண்டி மெக்கானிக் கடையிலிருந்து புது இண்டிகேட்டரோடு திரும்பி வந்துவிட்டது. "ஆம்பளைன்னா நாலு தடவ விழத்தான் செய்வான்" என்றார் அத்தை. ஆணுக்கு விழுவது அனுபவம். பெண்ணுக்கு விழுவது தீர்ப்பு.

இப்படி எல்லாவற்றையும் வீட்டார்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். உண்மை என்னவென்றால், அவர்கள் தடுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டிச் சாவியைப் பார்த்தாலே என் உள்ளங்கை வேர்த்தது. கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது எதிரே லாரி வந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தேன். வண்டி ரோட்டில் கிடந்த மணலில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டேன். "வூட்ல வேணான்றாங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வது, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட எளிதாக இருந்தது. பயம் என்னுடையது. அதற்குக் கதவு போட்டது அவர்கள். தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டுக்கொண்டது நான்.

பின் சீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு மாதமும் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்துதான் போனேன். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ரோடு தெரியும். ஒருபக்கமாக உட்காருகிறவளுக்குக் கடந்துபோன வேலிதான் தெரியும். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நல்ல விதிதான், உயிரைக் காப்பாற்றுகிற விதி. ஆனால் அது சேலையைப் பின் சீட்டில்தான் பார்க்கிறது. ஐரோப்பாவில் பல நூறு வருஷம் பணக்காரப் பெண்கள் குதிரையில்கூட இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. அதற்கென்று தனிச் சேணமே செய்தார்கள். குதிரை அவளுடையது, கடிவாளமும் அவள் கையில், ஆனாலும் உட்காரும் விதம் மட்டும் யாரோ சொன்னபடி.

குதிரை என் யோசனைக்குள் வந்ததற்குக் காரணம் பழமொழி மட்டும் இல்லை. ஒரு வருஷம் எங்கள் லைனுக்கு நீள பூட்ஸ் ஆர்டர் வந்தது. முழங்கால் வரை வரும் தோல், பின்பக்கம் நீள ஜிப். இது எதற்கு என்று கேட்டோம். வெளிநாட்டில் குதிரை ஓட்டுகிறவர்கள் போடும் மாடல் என்றார் சூப்பர்வைசர். "நம்ம தைக்கறத போட்டுக்கினு எவளோ குதிர ஓட்டறா, நம்ம இங்க பஸ்ஸுக்கு ஓடறோம்" என்று பக்கத்து மிஷின் அக்கா சொன்னார். லைன் முழுக்கச் சிரித்தது.

தினமும் பஸ் போய்ச் சேரும் ஊருக்கும் குதிரைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில் இறந்தான். யாருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கிய கதையை இன்றும் தெருக்கூத்தில் பாடுகிறார்கள். அவன் மனைவி சிதையில் ஏறினாள். அவள் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள். ராஜாவுக்குக் குதிரை, ராணிக்குச் சிதை. ஊர்ப் பெயரில்கூட அவள் பெயர் இல்லை, 'ராணி' மட்டும்தான். குதிரையைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. அவள் எதில் ஏற ஆசைப்பட்டாள் என்பதற்குப் பாட்டு இல்லை.

இதையெல்லாம் யோசித்ததால் நான் மாறவில்லை. என்னை மாற்றியது இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, என் மகள். அவள் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதுவும் அங்கேயே நின்றது. "ஏன்டி ஓட்ட மாட்டேங்கற?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீயே விழுந்துட்டியேம்மா, எனக்கு வேணாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டே. எனக்குச் சோறு இறங்கவில்லை. நகை கொடுக்க வழியில்லாத நான் அவளுக்கு என் பயத்தைக் கொடுத்திருந்தேன்.

எங்கள் அக்கா அடிக்கடி புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்வார். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குப் பிடித்த கதை. ஆனால் அந்த நாட்களில் அதை நினைக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றும். முதல் தடவை கற்றுக்கொள்ள ஓர் இயக்கம் வந்தது, பாட்டு வந்தது, ஊர்வலம் வந்தது. விழுந்தவள் திரும்ப ஏறுவதற்கு ஊர்வலம் வராது. அதை அவள் வீட்டு வாசலில், யாரும் பார்க்காதபோது, தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது சம்பவம், வண்டியை விற்கப் போனது. 2024 பிப்ரவரியில் ஒருவர் 22,000 ரூபாய்க்குக் கேட்டார். கணவர் பேசி முடித்துவிட்டு 29, 30 நம்பர் படிவங்களைக் கொண்டுவந்தார். "இங்க கையெழுத்துப் போடு" என்றார். பேனாவை வாங்கினேன். படிவத்தில் வண்டி உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் போடறேங்க" என்றேன். மறுநாளும் போடவில்லை. அவர் கோபப்படவில்லை. "ஓட்டவும் மாட்ட, விக்கவும் மாட்ட. இன்னாதான் பண்ணப் போற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

கற்றுக்கொடுத்த அதே அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் "தைரியமா இரு" என்று சொல்லவில்லை. "கால் எப்படி இருக்குது? ஒத்தக் கால்ல நிக்க முடியுதா?" என்று கேட்டார். நின்று பார்த்தேன். இடது காலில் மூன்று எண்ணுவதற்குள் ஆடிவிட்டேன். அப்போதுதான் புரிந்தது, என் பயம் முழுக்க மனசில் இல்லை. வண்டியை நிறுத்தும்போது ஊன்ற வேண்டிய காலை நான் நம்பவில்லை, அதில் நியாயமும் இருந்தது. எலும்பு கூடியிருந்தது, சதை கூடவில்லை. பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வலி போனதும் விட்டிருந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பேன். குதிகாலைத் தூக்கி இறக்குவேன். மூன்று பத்தானது, பத்து முப்பதானது. முப்பது எண்ணியபோது கை மேடையில் இல்லை.

வண்டி பக்கம் அப்புறம்தான் போனேன். மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றினார், பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினார், டயருக்குக் காற்றடித்தார். கோழி வேறு இடம் பார்த்துக்கொண்டது. முதல் நாள் சென்டர் ஸ்டாண்டு போட்டு மேலே உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இரண்டாம் நாள் இன்ஜினைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்தது. இறங்கி ஓடத் தோன்றியது. அக்கா ஒன்று சொல்லியிருந்தார்: "பயத்தோட எறங்காத. பயம் கொஞ்சம் கொறையற வரைக்கும் ஒக்காந்திரு, அப்புறம் எறங்கு." உட்கார்ந்தேன். பயத்துக்கும் ஒரு மூச்சு உண்டு, ஏறும், பிறகு இறங்கும். உச்சியில் இருக்கும்போது ஓடிவிட்டால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஓடச் சொல்கிறது. பதினான்கு மாதமாக நான் செய்தது அதுதான். இறங்கும்வரை இருந்துவிட்டால் அடுத்த நாள் உச்சி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. ஒரே நாளில் இல்லை. பத்து நாளில் தெரிகிறது.

ஒரு வாரம் கழித்து ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் காலி இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். விடியற்காலை ஐந்தரை மணி. மகளும் வந்தாள். அக்கா முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். வண்டியை ஓட்டாமல், இன்ஜினை நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னார். குழந்தைகள் விளையாடுவதைப்போல. வெட்கமாக இருந்தது. பிறகு ஓட்டி, பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்தி, இடது காலை ஊன்றச் சொன்னார். ஐம்பது தடவை இருக்கும். ஓட்டுவதற்கு நான் பயப்படவில்லை, நிறுத்துவதற்குத்தான் பயந்தேன் என்பதை என்னைவிட அவர் முன்பே கண்டுபிடித்திருந்தார்.

நாலாவது நாள் எட்டு போடலாம் என்றார். கோடு வேண்டுமே. மகள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தாள். தரையில் பெரிய எட்டு ஒன்று போட்டாள், புள்ளி வைக்காத கோலம். முதல் சுற்றில் கோட்டை அழித்தேன். இரண்டாவது சுற்றில் திரும்பும்போது பின்சக்கரம் மண்ணில் வழுக்கியது. உடம்பு முழுக்க அந்த நெல் ஞாபகம் வந்தது. இடது காலை ஊன்றினேன். கால் தாங்கியது. வண்டியின் எடை முழுதும் அந்தக் காலில் இறங்கியது, அது தாங்கியது. நான் அங்கேயே நின்று அழுதேன். மகள் பயந்துபோய் ஓடி வந்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள். வலிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவு அவள் போனில் எதையோ தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டெல் என்று ஒரு பெண். 1944-இல், 23 வயதில், வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது போலியோ தாக்கியது. குழந்தை நன்றாகப் பிறந்தது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயல் திரும்பவில்லை. அவர் மறுபடி குதிரை ஏறினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் அந்தக் குதிரையேற்றப் போட்டியில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கிலும் வெள்ளி. குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது.

கேட்டதும் எனக்கு முதலில் கசப்புத்தான் வந்தது. அவருக்குக் குதிரை இருந்தது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். எனக்குத் தவணை முடிந்த ஒரு வண்டி. ஆனால் கடைசி வரி மனசில் நின்றது. ஏற்றிவிட ஆள் வேண்டும் என்பதால் அவர் ஏறாமல் இருக்கவில்லை. உதவி வாங்குவதும் அடுத்தவரை நம்பியே கிடப்பதும் ஒன்று இல்லை. ஏற்றிவிடுகிறவர் இறங்கிக்கொள்ள, கடிவாளம் நம் கைக்கு வந்தால் அது உதவி. கடிவாளத்தையும் அவரே வைத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். என் கணவருக்கும் அக்காவுக்கும் என்மேல் இருந்த அன்பில் குறை எதுவும் இல்லை. அக்கா ஏற்றிவிட்டு இறங்கிக்கொண்டார்.

மெயின் ரோட்டுக்குப் போனது ஏப்ரலில். விழுந்த இடத்தைத் தவிர்க்கச் சுற்றுப் பாதை ஒன்று இருக்கிறது. முதல் பத்து நாள் அதில்தான் போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பதினோராவது நாள் நேர் வழியில் போனேன். நவரை அறுவடை, மறுபடியும் ரோட்டில் நெல். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தேன். எதிரே ஆள் இல்லை. கை நடுங்கியது, நடுங்கிய கையோடே தாண்டினேன். தாண்டிய பிறகு ஓரமாக நிறுத்தி மூச்சு வாங்கினேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். அவரேதான். "கால் கூடிச்சாம்மா?" என்று கேட்டார். "கூடிச்சு பாட்டி" என்றேன். "இரு" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கல்லை உள்ளே தள்ளி வைத்தார்.

தைரியம் வந்த பிறகு வண்டி எடுக்கலாம் என்று பதினான்கு மாதம் காத்திருந்தேன். அது வரவில்லை. வண்டி எடுத்த பிறகுதான் வந்தது, அதுவும் சில்லறை சில்லறையாக. இன்னும் முழுசாக வரவில்லை. மழை பெய்தால் இன்றும் நான் ஓட்டுவதில்லை. மணலைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கிறேன். முன்பு சும்மா முன்னால் தொங்கவிட்டிருந்த ஹெல்மெட்டை இப்போது பட்டை போட்டு மாட்டுகிறேன். பழைய ஆளாக நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்றும் இப்போது நினைக்கவில்லை. பழைய ஆளுக்கு விழுவது எப்படி என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பனப்பாக்கம் சிப்காட்டில் 2024-இல் கார் ஆலைக்கும் காலணி ஆலைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். வேலை வாசலுக்கு வருகிறது, நல்லதுதான். அந்த வாசல்வரை யார் கொண்டுபோய் விடுவார்கள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் இனிமேல்தான் முடிவாக வேண்டும். என் மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டோம். கோலமாவு எட்டில் அவளும் இரண்டு தடவை விழுந்தாள். முட்டி சிராய்த்தது. மஞ்சள் வைத்துவிட்டு, "ஏறு" என்றேன்.

போன மாதம் அத்தைக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்கு நெமிலிக்குப் போக வேண்டியிருந்தது. மாமனாருக்கு வேலை, என் கணவருக்கு லோடு. அத்தை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போடி" என்றார்.

மெதுவாகத்தான் போனேன்.